கடித்துத் துப்பிய மூடி

அத்தியாயம் 9

சாக்கடையில் குச்சியை விட்டுக் கிளறுவதற்காக ரேடியோ இந்த வேலையில் சேரவில்லை. துப்பறிவது முழுக்க மூளை வேலை, பாதி வழக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும் என்று ஆசை காட்டித்தான் துருவி அவளைச் சேர்த்துக்கொண்டார். அந்த நாற்காலி எங்கே இருக்கிறது என்பதுதான் இன்றுவரை துலங்காத வழக்கு.

"சார், அடுத்த மாசம் சம்பளத்தோட ரெண்டு சோப்பும் சேர்த்துக் குடுத்துடுங்க."

"பேசாம இடது பக்கம் தள்ளு. அதோ, வெள்ளையா ஏதோ தெரியுது பார்."

பேசாமல் இருப்பது ரேடியோவால் ஆகிற காரியமா? அதனால்தானே அந்தப் பெயர். முப்பது வயதுப் பெண்ணை இப்படிக் கூப்பிடுகிறோமே என்று யாரும் கூச்சப்பட்டதில்லை, அவளும் கோபித்துக்கொண்டதில்லை. துருவிக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகப் பலகையில் எழுதியிருக்கிறது, ஒருவரும் படிப்பதில்லை. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். மாடு செத்துவிட்டது என்று பணம் கேட்டு வருகிறவர்களைத் துருவித் துருவிக் கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர். செத்த மாட்டை எழுப்பி அதையே விசாரிப்பார் என்று அங்கே இன்னமும் சொல்கிறார்களாம்.

ரேடியோ குச்சியால் தள்ளி மேலே எடுத்துப் போட்டது, விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். பின்னால் அழுத்துவதற்குக் கட்டை, முன்னால் மழுங்கிய மூக்கு. ஊசி மாதிரி இருந்தது, ஊசிதான் இல்லை. பக்கத்திலேயே அதன் மூடியும் கிடந்தது. துருவி இரண்டையும் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

வழக்கு இதுதான். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மாடு. எல்லா வீட்டுப் பாலும் தெருமுனையில் இருக்கும் பால் சென்டருக்குப் போய், ஒரே தொட்டியில் கலந்து, மதியம் டேங்கர் லாரியில் பால் பண்ணைக்குப் போகும். அந்தப் பால் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இருக்கிறது என்றார்கள் பண்ணையில். கிருமியைக் கொல்கிற மருந்து. அது கலந்த பாலைத் தயிருக்கு உறை ஊற்றினால் மறுநாளும் பாலாகவே விழித்துக்கொண்டிருக்கும். ஒத்துக்கொள்ளாத உடம்புக்குள் போனால் மூச்சை அடைத்துவிடும். ஒரே ஒரு வீட்டுப் பால் போதும், தொட்டி முழுக்கக் கெட்டுப் போக. இன்னொரு தடவை இப்படி வந்தால் சென்டரையே மூடிவிடுவோம் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவிட, தெருவே ஆடிப் போனது.

சென்டர் சூப்பர்வைசர் பழி போட ஒரு தலையைத் தேடினார். அகப்பட்டது கிளீனரின் தலை. லாரியில் கிளீனராக இருந்தவன் இரண்டு மாடு வாங்கிக் கட்டியதும் லாரியை விட்டான். பெயர் அவனை விடவில்லை. அவன் செய்த ஒரே குற்றம், மாட்டுக்குக் கால் வீங்கியபோது முறையாக மாட்டு டாக்டரைக் கூப்பிட்டது. டாக்டரம்மா வந்தார், ஊசி போட்டார், இத்தனை நாளைக்கு இதன் பாலை ஊற்றாதே என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். அவனும் அத்தனை நாளும் பாலைக் குழியில் கொட்டினான். ஆனால் கொட்டியதை யார் பார்த்தார்கள்? டாக்டர் வண்டி வாசலில் நின்றதைத்தான் தெருவே பார்த்தது. அவனிடம் பால் வாங்குவதை நிறுத்தினார்கள். அன்றோடு தொட்டிப் பால் சுத்தமாகிவிட்டது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று கேட்டார் சூப்பர்வைசர்.

கிளீனருக்காக வாயைத் திறந்த ஒரே ஆள் அடுத்த வீட்டுக்காரி. தெருவுக்கே அவள் அத்தை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை மாட்டோடு தனியாக இருப்பவள். ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த துருவியின் அலுவலகத்துக்குத் தானே தேடிக்கொண்டு வந்து, துணிப்பையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, உள்ளிருந்து ஒரு டப்பா வெண்ணெயை எடுத்து மேசையில் வைத்தாள். வழக்கை எடுப்பதா வேண்டாமா என்று துருவி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரேடியோ மனசுக்குள் எடுத்துவிட்டாள்.

"அந்தப் பையன் பொய் சொல்ல மாட்டான் சார். மருந்துப் பாலை ஊத்துனவன் இந்தத் தெருவுலயே நல்லவன் மாதிரி நடமாடிக்கிட்டு இருக்கான். அவனைப் புடிச்சுக் குடுங்க" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

நேரம்தான் இல்லை. பால் விற்க வழியில்லாமல் கிளீனர் கடைசியில் மாட்டுத் தரகரிடம் பேசி முடித்துவிட்டான். இன்று சாயங்காலம் தரகர் வண்டி வருகிறது. அதற்குள் வேறு ஆளைக் காட்டினால் கிளீனரைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். ஆகாத காரியம் என்று நினைத்துத்தான் கொடுத்தார்.

"இது மடியில போடுற மருந்து" என்றார் துருவி. "மூக்கைக் காம்புத் துளையில வச்சுப் பின்னால அழுத்தணும். கிளீனர் மாட்டுக்கு வீங்கினது காலு. அவனுக்கு இது எதுக்கு?"

"அப்ப இன்னொரு வீட்டுல ஒரு மாட்டுக்கு மடி வீங்கியிருக்கு. எந்த வீடு? இந்தச் சாக்கடை எல்லா வீட்டுக்கும் பின்னாலதானே ஓடுது."

"மூடியைப் பார்."

ரேடியோ பார்த்தாள். மூடியில் பற்குறி. எலி கடித்திருக்கும் என்றாள். எலி கடித்தால் கொறித்திருக்கும், இது ஒரே கடியில் பிடுங்கித் துப்பியது என்றார் துருவி. அப்புறம் தன் இடது கைக் கட்டை விரலைக் காம்பாக வைத்துக்கொண்டு, வலது கையில் குழாயைப் பிடித்துக் காட்டினார். ஒரு கை காம்பில், ஒரு கை மருந்தில். மூடியைத் திறக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றிருந்தால் அவர் திறந்து கொடுத்திருப்பார்.

"ஆக, தனி ஆள்" என்றாள் ரேடியோ. "பல்லு உறுதியான தனி ஆள். தெருவுல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஈ-ன்னு இளிக்கச் சொல்லிடலாமா சார்?"

"முதல்ல இதை வித்தவன் இளிக்கட்டும்."

டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை விற்கக் கூடாது. அதனால்தான் விற்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கூடாததெல்லாம் கிடைக்கிற கடை அங்கே ஒன்றே ஒன்றுதான். தீவனக் கடை. துருவியின் முகத்தைப் பார்த்தாலே விசாரணை என்று தெரிந்துவிடும், ஆகவே அவர் எதிர்ப்புறம் சைக்கிள் கடையில் காற்றடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோ மட்டும் உள்ளே போனாள்.

புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் கடைக்காரர் தானும் ஒரு மூட்டையாக உட்கார்ந்திருந்தார். ரேடியோ குரலைக் குழைத்துக்கொண்டு, வீட்டு மாட்டுக்கு மடி கல்லாக இறுகிக் கிடக்கிறது, பால் திரிந்து திரிந்து வருகிறது, வீட்டுக்காரர் ஊரில் இல்லை, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஒரு பாட்டம் அழுதாள். இல்லாத மாட்டுக்காக அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கடைக்காரர் பேருக்குக் கேட்டார். இல்லை என்றதும் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சாக்குக்கு அடியில் கையை விட்டு ஒரு குழாயை எடுத்து வைத்தார். பெட்டி இல்லை, உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதம் இல்லை. அதையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, முறுக்கு விற்பதுபோல் ஒன்றொன்றாக விற்கிறார்.

"இதை எப்படிண்ணே திறக்குறது?"

"பல்லால கடிச்சு இழும்மா, வந்துடும்."

"நீங்க ஒரு தடவை கடிச்சுக் காட்டுங்கண்ணே."

கடைக்காரர் சிரித்தார். மேல்வரிசைப் பல் முழுவதும் ஒரே நேரத்தில் அரை அங்குலம் கீழே இறங்கி, திரும்ப மேலே ஏறியது. "இது டாக்டர் கட்டின பல்லும்மா. கடிச்சா மூடி வராது, இதுதான் வரும்."

கடித்த ஆள் இவர் இல்லை. ரேடியோ மனசுக்குள் இருந்த பட்டியலில் அவரை அடித்துவிட்டு, எப்படிப் போடுவது என்று கேட்டாள். அவர் அக்கறையாகவே சொன்னார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காம்பை நன்றாகக் கழுவிவிட்டுப் போடணும்.

"அப்புறம் முக்கியமானது. மருந்து போட்ட காம்புப் பாலை மட்டும் கீழ பீச்சி விட்டுடு. தப்பித் தவறிக்கூட சென்டருக்கு ஊத்திடாதே. மத்த மூணு காம்பும் சுத்தம், அதைத் தாராளமா ஊத்தலாம்."

வேறு யார் இதை வாங்கினார்கள் என்று ரேடியோ மெல்ல நூல் விட்டுப் பார்த்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை. "யாருக்கும் விக்கலை. உனக்கே நான் விக்கலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தவிடு நிறுக்கப் போய்விட்டார்.

வெளியே வந்து ரேடியோ நடந்ததை நடித்தே காட்டினாள். பல்செட் கட்டத்தில் துருவி சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மற்ற மூன்று காம்பும் சுத்தம் என்றா சொன்னான், சரியாக அப்படியேதான் சொன்னானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். எங்கேயோ ஒரு தொழுவத்தில் இருந்தார் டாக்டரம்மா. பின்னால் கன்று கத்துவது கேட்டது.

"எந்த மடையன் சொன்னான் அப்படி?" என்றார் அவர். "மருந்து ரத்தத்துல கலந்துடும் சார். ஒரு காம்புல போட்டா நாலு காம்புலயும் வரும். அந்த மாட்டோட மொத்தப் பாலையும் நிறுத்தணும். கடைசி மருந்து போட்ட பிறகும் எத்தனை நாள் நிறுத்தணும்னு பெட்டியிலயே போட்டிருக்கும்."

பெட்டியைத்தான் கடைக்காரன் பிய்த்துப் போட்டுவிடுகிறான் என்றார் துருவி. கிளீனருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்றார் டாக்டரம்மா. வண்டி வாசலில் நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறார்களாம். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

துருவி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாம இத்தனை நாளும் ஒரு அயோக்கியனைத் தேடிக்கிட்டு இருந்தோம் ரேடியோ. ஒரு யோக்கியனைத் தேடியிருக்கணும்."

"புரியலை சார்."

"மருந்து போட்டதும் தெரியும், பாலைக் கொட்டணும்னும் தெரியும். கொட்டவும் கொட்டியிருக்காங்க. கொட்ட வேண்டியதுல கால்வாசியை. கிளீனரை நிறுத்தின நேரத்துல அவங்க மருந்தும் முடிஞ்சுபோச்சு. அதான் பால் சுத்தமாயிடுச்சு."

இது ரேடியோவுக்கு நன்றாகவே பிடித்துப்போனது. யார் மேலும் பெரிய பழி இல்லை. ஆளைக் கண்டுபிடித்துச் சொன்னால் கிளீனர் தப்பித்தான், அந்த ஆளும் இனிமேல் ஒழுங்காக இருப்பார். அவளுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. தெருவுக்குள் நுழைகிற வரைக்கும், சூப்பர்வைசருக்கு முன்னால் இதை எப்படிச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்று துருவிக்கே பாடம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிளீனர் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு மாடுகளையும் குளிப்பாட்டிக் கட்டியிருந்தார்கள். போகிற மாட்டை எதற்குக் குளிப்பாட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கிளீனர் ஒரு மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். அவன் மனைவிதான் பேசினாள். இந்தத் தெருவில் தனி ஆளாகப் பால் கறப்பது யார் என்று துருவி கேட்டார்.

"எல்லா வீட்டுலயும் ரெண்டு பேராவது இருப்பாங்க சார்" என்றாள் அவள். "அத்தை ஒருத்திதான் தனி. நான்தான் போய் மாட்டைப் பிடிச்சுக்குவேன். இப்ப கொஞ்ச நாளா வேண்டாம்னுட்டாங்க. மாடு உதைக்குதாம். முன்னெல்லாம் அது உதைச்சதே இல்ல."

மடி வலித்தால் எந்த மாடும் உதைக்கும். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துணிப்பை முடிச்சும், அதைக் கடித்து இழுத்த பல்லும், மேசைக்கு வந்த வெண்ணெய் டப்பாவும் ஒன்றின் பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. வாயெடுத்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டுத் துருவியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி வந்து முடியும் என்று தெரிந்திருந்தால் அந்தச் சாக்கடையைக் கிளறாமலே இருந்திருக்கலாம் என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

அத்தை பால் கறந்துகொண்டிருந்தாள். மாட்டின் பின்னங்காலைக் கயிற்றால் அணைத்துக் கட்டியிருந்தது. சுவரிடுக்கில் காலியான ஒரு குழாய் செருகியிருந்தது. கீழே மூடி கிடந்தது, அதிலும் அதே பற்குறி. வாங்க வாங்க என்று கையை நிறுத்தாமலே வரவேற்றாள் அத்தை. உட்கார மணைகூட இல்லையே என்று வருத்தப்பட்டாள். இந்தப் பக்கக் காம்பு ஏற்கனவே ஒரு தடவை வீங்கி, மருந்து போட்டு வடிந்தது, இப்போது நேற்றிலிருந்து மறுபடியும் வீங்கிவிட்டது என்று மாட்டின் கதையைத் தன் உடம்புக்கு வந்ததுபோலச் சொன்னாள். தரையில் பால் ஒரு வரியாக ஓடிச் சாக்கடையில் இறங்கியிருந்தது.

"மருந்து போட்ட காம்பும்மா, அதான் முதல்லயே கீழ பீச்சி விட்டுடுறேன்" என்று ரேடியோவிடம் விளக்கினாள். "அதுல ஒரு சொட்டு கேனுக்குள்ள விழ விட மாட்டேன். பச்சப் புள்ளைங்க குடிக்கிற பாலு."

செத்த மாட்டையும் விசாரிக்கத் தெரிந்த துருவிக்கு அந்த நேரத்தில் ஒரு கேள்வியும் அகப்படவில்லை. அவர் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், காலையில் பால் ஊற்றினீர்களா என்று கேட்டார். ஊற்றினேனே, மூன்று காம்புப் பால் என்றாள் அத்தை. அதன் பிறகு அவர் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார். அத்தையின் கை இரண்டாவது காம்பிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அந்த ரெண்டு தடவையும் திரும்பி வந்தது?"

"உங்க பாலுதாம்மா."

"அப்ப அந்தப் பையன்?"

"அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தை அழவில்லை. எழுந்து கேனைத் தூக்கி, இருந்த பாலை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். கடைக்காரன் சொன்னதைத்தானே செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று ரேடியோ காத்திருந்தாள். அவள் அதைச் சொல்லவே இல்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சென்டரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம், அவனை உடனே சேர்த்துக்கொள்ளட்டும் என்று முன்னால் நடந்தாள். அவள் நடைக்கு ஈடுகொடுக்க இரண்டு பேரும் ஓட வேண்டியிருந்தது.

சென்டர் வாசலில் கேன்களோடு தெரு முழுக்க நின்றது. ஒருவர் கேனும் திறக்கப்படவில்லை. சூப்பர்வைசர் கையில் போனை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். போன் பேசி முடித்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். மதியம் போன டேங்கர். மூன்றாவது தடவை. யாரும் துருவிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கு முன்னால் போய் நின்றாள். மூன்று தடவையும் கெட்டது என் பாலால்தான், கிளீனர் ஒன்றும் செய்யவில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். கூட்டத்தில் யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். அத்தை அதற்கும் நகராமல் நின்றாள்.

"அவனைத் திரும்பச் சேர்த்துக்கங்க" என்றாள்.

"எதுலம்மா சேர்க்குறது?" என்றார் சூப்பர்வைசர். கோபமாகக் கேட்கவில்லை, பதில் தெரிந்தால் தேவலை என்பதுபோல் கேட்டார். "சென்டரே இல்லையே."

ஆளுக்கொரு பக்கமாகக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரேடியோ வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அவள் தொண்டையிலேயே கிடந்தது. துருவி சொன்னது எல்லாம் சரிதான். பற்குறி சரி, தனி ஆள் சரி, யோக்கியன் என்றதும் சரி. இத்தனை சரியும் சேர்ந்து யாருக்கும் ஒரு படிப் பாலுக்கு ஆகவில்லை. அவளுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது, தோதாக ஒரு ஆள் கிடைக்கவில்லை. தீவனக் கடையை மருந்து அதிகாரிகள் வந்து பூட்டுவார்கள், அதற்கு வேண்டியதை நான் செய்கிறேன் என்றார் துருவி. எப்போது என்று அவள் கேட்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது தரகர் வண்டி கிளீனர் வாசலில் நின்றது. ஒரு மாடு ஏறிவிட்டது. மற்றது பலகையில் பாதி ஏறி, மேலே போக மாட்டேன் என்று முரண்டு பிடிக்க, கிளீனர் அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சென்டர் செய்தி அவனுக்கு வந்துவிட்டது. யாரால் என்பதும் வந்துவிட்டது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அத்தை நேராகத் தன் தொழுவத்துக்குள் போனாள். தன் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அந்த மாட்டை இறக்கிடுங்க" என்றாள் தரகரிடம். "அதுக்குப் பதிலா இதைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. அவனுக்கு ஒண்ணாவது இருக்கட்டும். கேனைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயாவது பொழைச்சுக்குவான்."

கிளீனர் வேண்டாம் என்றான். அவன் மனைவி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு அந்த மாடு வேண்டும். தரகருக்கு மாட்டுக்கு மாடு, எந்த மாடாக இருந்தால் என்ன. தரகர் அத்தையின் மாட்டைச் சுற்றி வந்து பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார். நல்ல மாடுதான் என்று ஒப்புக்கொண்டு, கயிற்றைக் கையில் வாங்கியும்விட்டார். கிளீனரின் மாட்டைப் பலகையிலிருந்து கீழே இறக்கச் சொல்லித் தன் ஆளுக்குக் கை காட்டினார். அப்புறம், எல்லா மாட்டுக்கும் கேட்கிற கேள்வியை இதற்கும் கேட்டார்.

"மருந்து ஏதும் போட்டிருக்கா? என்கிட்ட வர்ற மாடு பாதி பாலுக்குப் போகுது, பாதி கறிக்குப் போகுது. மருந்து இருந்தா ரெண்டுக்கும் ஆகாது."

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான். தரகரும் அதை எதிர்பார்த்துத்தான் பாதி திரும்பிவிட்டிருந்தார். இல்லை என்று சொல் என்று ரேடியோ மனசுக்குள் மன்றாடினாள். பொய்யைப் பிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். துருவியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை கிளீனரைப் பார்த்தாள், அவன் மாட்டைப் பார்த்தாள்.

"காலையில போட்டேன்" என்றாள்.

தரகர் கயிற்றைத் திரும்ப அவள் கையிலேயே வைத்தார். இறங்கத் தொடங்கியிருந்த மாட்டை மறுபடியும் ஏற்றினார்கள். இந்தத் தடவை அது முரண்டு பிடிக்கவில்லை. வண்டி போன பிறகும் கிளீனர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை கயிற்றைப் பிடித்தபடி தெரு நடுவில் நின்றாள். எந்தப் பக்கம் போவது என்று மாட்டுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

கிளீனர் கிட்டே வந்தான். திட்டப் போகிறான் என்றுதான் ரேடியோ நினைத்தாள். அவன் குனிந்து மாட்டின் மடியைப் பார்த்தான்.

"பாதிக் கறவையில விட்டுட்டு வந்திருக்கீங்க அத்தை. இது தாங்காது. நடங்க, நான் பிடிச்சுக்குறேன்."

தொழுவத்தில் அவன் மாட்டின் தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். அத்தை கீழே உட்கார்ந்தாள். கேனுக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"நாலையுமாப்பா?"

"நாலையும்தான் அத்தை. கீழயே விடுங்க."